கொல்லைப்புறத்து விமர்சனம்

தமிழில் விமர்சனக் கலையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், வ. வே. சு. ஐயர் கம்பனைக் குறித்து ஆங்கிலத்தில் எழுதிவைத்த ஆராய்ச்சியிலோ, மணிக்கொடிக் காலத்துச் சர்ச்சைகளிலோ, 1959-இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' பத்திரிகையிலோ கணக்கைத் திறந்து, க. நா. சுப்ரமண்யத்தின் பட்டியல்களை ஒரு சுற்றுச் சுற்றி, அங்கிருந்து நேரே நம் காலத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். அந்த வருஷங்களிலெல்லாம் வீட்டுக் கொல்லையிலும் கிணற்றடியிலும் குளத்துப் படித்துறையிலும், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டும் ஒருத்திக்கொருத்தி தலை பின்னிவிட்டுக்கொண்டும், பெண்கள் தாம் படித்த தொடர்கதையையும் முந்தின இரவு பார்த்துவந்த நாடகத்தையும் பயாஸ்கோப்பையும் பிரித்து மேய்ந்த பேச்சுக்கு அந்தச் சரித்திரத்தில் ஒரு வரிகூட இடமில்லை. ஊர்வம்பு என்று தள்ளப்பட்டதோடு அதன் கதை முடிந்தது.

அந்தப் பேச்சு எங்கெங்கே நடந்தது, எதை அளவுகோலாகக் கொண்டு நடந்தது, வீட்டிலும் வீதியிலும் தினந்தோறும் பட்ட அவமதிப்பைப் பற்றிய பேச்சாக அது எவ்வாறு உருமாறியது என்பதே இங்கு நம் விசாரணை. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் கைக்கொண்டது 'ஒரு வீட்டில் இப்படி நடக்குமா?' என்ற ஒரே கேள்வி. ரசம், உருவம், உத்தி என்ற பெரிய பதங்களைக் கொண்டு நடத்தப்பட்ட விசாரணைகளுக்கு அக்கேள்வி எந்த விதத்திலும் இளைத்ததன்று. சில சந்தர்ப்பங்களில் அது அவற்றைக் காட்டிலும் ஆழமாக வெட்டியிருக்கிறது. சில சந்தர்ப்பங்களில் வெட்டவேண்டிய இடத்தை விட்டு, பக்கத்தில் நின்றவளை வெட்டியிருக்கிறது.

இரண்டாவதாகச் சொன்னதற்கு உதாரணம் நல்லதங்காள் கதை. 'பெரிய எழுத்து' என்று அட்டையில் போட்டுச் சந்தையிலும் திருவிழாவிலும் விற்ற மலிவுப் பதிப்புகளின் மூலமாகவே, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருத்தி வாசிக்க, தெரியாத பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றிற்று. பஞ்சம் பிழைக்க ஏழு குழந்தைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்த தங்கைக்கு, அண்ணன் மனைவி மூளி அலங்காரி ஓட்டைப் பானையும் ஈர விறகும் எடுத்துக்கொடுக்கும் கட்டம் வந்ததும் கேட்பவர்கள் விம்மத் தொடங்குவார்கள். பிள்ளைகளைக் கிணற்றில் எறியும் கடைசிக் கட்டத்தைவிட அந்த ஈர விறகே அவர்களை அதிகமாக வாட்டியது என்பதை நான் எங்கள் குடும்பத்து மூத்த பெண்களின் வாய்மொழியாகவே அறிவேன். புகைந்து புகைந்து அவியும் அடுப்பின் முன்னால் கண் எரிய உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கொடுமையின் சாரம் அங்கேதான் புலப்பட்டது. அந்த அளவில் அது மேலான ரசனை. ஆனால் அவர்களுடைய தீர்ப்பு மூளி அலங்காரி என்ற பெண்ணின்மேல் முழுவதுமாக விழுந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் கிழவி ஒருத்தி மாத்திரம், "தங்கச்சி ஏழு புள்ளைங்களோட வந்து நிக்கிறா, அண்ணங்காரனுக்கு அந்த நேரத்துல வேட்டை என்ன வேண்டிக்கெடக்கு?" என்று கேட்பாளாம். மற்றவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கச் சொல்வார்களாம். ஒரு பெண்ணின் துயருக்கு மற்றொரு பெண்ணையே காரணமாக்கி, வீட்டின் எஜமானனை வேட்டைக்கு அனுப்பிவிடும் இந்த ஏற்பாடு, நாட்டுப்புறக் கதையிலிருந்து நாவலுக்கும், நாவலிலிருந்து சினிமாவுக்கும், அங்கிருந்து 1999-இல் தொடங்கிய 'சித்தி' முதலாகத் தொலைக்காட்சித் தொடர்கள் பலவற்றுக்கும் அழியாச் சொத்தாக வந்திருப்பதை நாம் காண்கிறோம். கிழவியின் கேள்வியே இன்றுவரை தமிழ்க் கதைகளின்மேல் கேட்கப்படவேண்டிய முதற்கேள்வி என்று நான் கருதுகிறேன்.

கொல்லைப்புறத்துப் பேச்சு அச்சுக்கு ஏறிய விருத்தாந்தத்துக்கு வை. மு. கோதைநாயகி அம்மாளைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை. 1901-இல் பிறந்து, ஐந்து வயது கடந்ததும் விவாகமாகி, பள்ளிக்கூடம் போகாமலே வளர்ந்த அவர், திருவல்லிக்கேணியில் அக்கம்பக்கத்துப் பெண்களையும் குழந்தைகளையும் கூட்டிவைத்துக் கதை சொல்லிவந்தார். கணவர் அழைத்துச்சென்று காட்டிய நாடகங்களைப் பார்த்து, தாமும் ஒன்று எழுதலாமென்று துணிந்தபோது அவருக்குச் சரளமாக எழுத வராது. ஆகவே அவர் வாயால் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதிக்கொண்டுவர, 'இந்திர மோகனா' என்ற நாடகம் உருவாகி 1924-இல் அச்சேறிற்று. பார்த்த நாடகத்தைப் பற்றி ஒரு பெண் சொன்ன மறுமொழி மற்றொரு நாடகமாகவே வெளிவந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மறு வருஷம் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்றுக்கொண்டு, ஏறத்தாழ முப்பத்தைந்து வருஷங்கள் நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதித் தள்ளினார். விதவையின் துன்பம், மாமியார் வீட்டு வதை, பொருந்தா மணம் ஆகியவை திடுக்கிடும் சம்பவங்களோடு கலந்து வரும் அந்த நாவல்களைப் பண்டிதர்களும் மதித்தார்களில்லை, நவீன இலக்கியக்காரர்களும் கணக்கில் வைத்தார்களில்லை. நடை தளர்ந்தது, பாத்திரங்கள் அச்சில் வார்த்தவை என்ற குற்றச்சாட்டுகளில் நியாயம் இருக்கிறது. அவருடைய நாவல்களைத் தொடர்ந்து வாசிப்பது இன்று சிரமமான காரியந்தான். ஆயினும், தம் வீட்டில் நடப்பது பத்திரிகையில் பிரஸ்தாபிக்கத் தக்க விஷயம் என்ற நம்பிக்கையை ஆயிரக்கணக்கான பெண்களுக்கு முதலில் ஊட்டியவர் அவரே. அவருடைய 'தயாநிதி', அவர் 1960-இல் காலமான பின்னர், 1966-இல் 'சித்தி' என்ற படமாகிப் பெண்கள் கூட்டத்தை மறுபடியும் திரட்டிற்று.

அதே காலத்தில் ஸ்ரீரங்கத்தில் ஓர் ஆசாரக் குடும்பத்து மருமகளாக இருந்த 'குமுதினி' என்கிற ரங்கநாயகி, இதிகாசத்து ராணிகள் பிறந்தகத்துக்குக் கடிதம் எழுதினால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்து, புடவையும் கரையும் நாத்தனாரும் பற்றிய கவலைகளை அவர்கள் வாயில் வைத்து எழுதினார். இது ஹாஸ்யம்; ஆனால் புராணத்தை விமர்சிப்பதற்கு இதைக் காட்டிலும் சாதுரியமான மார்க்கம் அக்காலத்துக் குடும்பப் பெண்ணுக்கு வேறில்லை. நேர் எதிர் மார்க்கத்தில் போனவர் மூவலூர் இராமாமிர்தத்தம்மையார். தேவதாசி முறையின் உள்வீட்டை அறிந்தவராகிய அவர், 1936-இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை எழுதி, கலையென்றும் தெய்வ கைங்கரியமென்றும் போற்றப்பட்ட ஒன்றின் வரவு செலவுக் கணக்கைப் பகிரங்கப்படுத்தினார். சுயமரியாதை இயக்க மேடைகளிலும் 'குடி அரசு' பக்கங்களிலும் பெண்கள் புராணப் பாத்திரங்களைக் கூண்டில் நிறுத்தி விசாரித்ததையும் சேர்த்துப் பார்த்தால், கொல்லைப்புறத்துப் பேச்சு மேடைப் பேச்சாக மாறிய காலம் அதுவென்று நிச்சயமாகச் சொல்லலாம்.

நாடக மேடையில் இதற்கு வேறொரு முகம் இருந்தது. பாலர் நாடகக் கம்பெனிகளில் ஆண் பிள்ளைகளே ஸ்திரீ வேஷம் கட்டினர். ஸ்பெஷல் நாடகங்களிலோ பெண்கள் பெண்களாகவே வந்து நின்றனர். 'வள்ளி திருமண'த்தின் தர்க்கக் கட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ராஜபார்ட் எந்தக் கேலியை, எந்த இரட்டை அர்த்தத்தை எடுத்துவிடுவார் என்பது முன்கூட்டித் தெரியாது, வள்ளி வேஷக்காரி அந்த க்ஷணமே, பாட்டாகவும் வசனமாகவும் பதில் கொடுத்தாக வேண்டும். பதில் சுருக்கென்று தைத்தால் பெண்கள் பகுதியிலிருந்து எழும் ஆரவாரமே தனி. தெருவில் தம்மைக் கேலி செய்தவனுக்குக் கொடுக்கமுடியாமல் விழுங்கிய பதிலைத் தமக்காக ஒருத்தி விடிய விடிய நின்று கொடுக்கிறாள் என்ற திருப்தி அது. அப்படிப் பதில் கொடுத்துத் தேர்ந்தவர்களுள் தலையானவர் கே. பி. சுந்தராம்பாள். 1935-இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேஷத்தில் நடித்து லக்ஷ ரூபாய் ஊதியம் பெற்றார் என்பதை அக்காலத்தவர் வாய் பிளந்து பேசினர். ஆனால் மறுநாள் காலையில் இதே ரசிகர்கள் வள்ளி வேஷக்காரிக்குக் குடியிருக்க வீடு கொடுக்கத் தயங்கினார்கள். இதில் பெண் ரசிகர்களையும் தள்ளிவிட்டுப் பேசுவதற்கில்லை.

டூரிங் டாக்கீஸ் வந்தபோது, மணல் தரையில் குறுக்கே ஒரு சின்னச் சுவரோ தட்டியோ வைத்துப் பெண்களுக்குத் தனியிடம் ஒதுக்கினார்கள். காவலுக்காகச் செய்த ஏற்பாடு. எனினும், ஆண் பார்வைக்கு அப்பால் பெண்கள் ஒன்றாய் உட்கார்ந்து, மூன்று மணி நேரம் வாய்விட்டு அபிப்பிராயம் சொல்லிக்கொண்டே ஒரு கலையை அனுபவிப்பதற்குக் கிடைத்த பொது ஸ்தலம் அதைப்போல் மற்றொன்று நம் ஊர்களில் அதுவரை இருந்ததில்லை, கோயில் நீங்கலாக. திரைக்குப் பின்னாலும் பெண்கள் வராமலில்லை. 1931-இல் 'காளிதாஸ்' படத்தின் கதாநாயகியாகிய டி. பி. ராஜலக்ஷ்மி, தாம் எழுதிய நாவலையே 1936-இல் 'மிஸ் கமலா' என்று படமெடுத்து இயக்கினார். 1953-இல் 'சண்டிராணி'யை மூன்று பாஷைகளில் இயக்கிய பி. பானுமதி பத்து வருஷம் கழித்து 'அறிவாளி'யில் செய்த வேஷமோ, ஷேக்ஸ்பியரின் பழைய சூத்திரத்தின்படி கணவனால் அடக்கப்பட்டு வழிக்குக் கொண்டுவரப்படும் அடங்காப்பிடாரி.

இந்த அடக்குதல் கதையைச் சற்று நின்று பார்க்கவேண்டும், ஏனெனில் தமிழ்ச் சினிமா இதைப்போல் வேறெதையும் திரும்பத் திரும்ப அரைத்ததில்லை. 1963-இல் 'அறிவாளி'யும் 'பெரிய இடத்துப் பெண்'ணும், 1972-இல் 'பட்டிக்காடா பட்டணமா', 1992-இல் 'மன்னன்', 1999-இல் 'படையப்பா' என்று தலைமுறைக்குத் தலைமுறை ஒரு நாயகன் மாறினானேயன்றிக் கதை மாறவில்லை: படித்தவள், பணக்காரி, அல்லது வாய்த்துடுக்குள்ளவள், அவளுக்கு ஒரு பாடம், முடிவில் சரணாகதி அல்லது நாசம். 'பட்டிக்காடா பட்டணமா' அவ்வருஷத்தின் சிறந்த தமிழ்ப் படமென்று தேசிய விருதும் பெற்றது. இவற்றைப் பெண்கள் ஏன் கூட்டங்கூட்டமாய்ப் பார்த்தார்கள் என்று கேட்டு, அடிமை மனோபாவம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுபவர்கள் உண்டு. அவர்கள் படம் முடிந்து வீடு திரும்பும் பெண்களின் பேச்சைக் கேட்டவர்களல்லர். படத்தின் முற்பாதியில், ஒருவருக்கும் பணியாமல் காரை ஓட்டிக்கொண்டும் கணக்குப்பிள்ளையை அதட்டிக்கொண்டும் வருகிற அந்தத் திமிர்பிடித்தவளையே அவர்கள் ரசித்தார்கள். கடைசி இரண்டு ரீல், வீட்டுக்குப் போவதற்கான வரி. 'படையப்பா'வில் நாயகன் மணந்துகொள்ளும் சாதுவான பெண்ணின் பெயரைச் சட்டென்று சொல்லத் தெரியாதவர்களும் நீலாம்பரியின் பெயரை மறக்கவில்லை. பெண் எப்படி இருக்கவேண்டுமென்று அப்படத்தில் செய்யப்படும் உபதேசத்துக்குக் கிடைத்த கைதட்டல் வெளியே கேட்டது. நீலாம்பரிக்குக் கிடைத்த கைதட்டல் மனத்துக்குள் நிகழ்ந்தது.

'ஒரு வீட்டில் இப்படி நடக்குமா?' என்ற அந்தக் கேள்வி வெளிப்படையாக வெடித்தது, ஒரு சிறுகதையின்மேல். 1966-இல் 'ஆனந்த விகட'னில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வெளிவந்தது. மழைநாளில் முன்பின் அறியாதவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்ட கல்லூரி மாணவி வீடு திரும்பி அழ, தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லித் தேற்றுகிறாள். தாய் அப்படிச் செய்திருக்கலாமா, செய்வாளா என்ற வாக்குவாதம் தமிழ்நாட்டையே பிடித்து ஆட்டிற்று. வேறு முடிவு எழுதிப் பார்த்தவர்களும் இருந்தனர். 'செய்யலாமா' என்பது தர்ம விசாரணை; 'செய்வாளா' என்பது கொல்லைப்புறத்துக் கேள்வி. ஜெயகாந்தனின் பெருமை, இரண்டாவது கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டதிலே இருக்கிறது. தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டி ஓலமிட்டிருந்தால் அந்தப் பெண் என்னவாவாள் என்பதையே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலாக விரித்தார். அதில் கங்கா என்ற அந்தப் பெண், தன் கதையைப் போன்ற ஒரு கதையைப் பத்திரிகையில் வாசித்து, கதைத் தாய்க்கும் தன் தாய்க்கும் உள்ள தூரத்தை அளந்து பார்க்கிறாள். வாசகியே கதாநாயகியாகித் தன்னைப் பற்றிய கதையை விமர்சிக்கும் இந்த ஏற்பாட்டுக்கு இணையாகத் தமிழில் எனக்கு வேறொன்று தோன்றவில்லை. சாஸ்திரமும் சட்டமும் கரைத்துக் குடித்து, மருமாளுக்கு ஒழுக்கம் போதித்துக்கொண்டே அவள்மேல் கண் வைக்கும் வக்கீல் மாமா வெங்குவையோ, வீட்டுக்கு வீடு பெண்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். நாவலுக்கு 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசும், 1977-இல் வந்த படத்தில் நடித்த லக்ஷ்மிக்குத் தேசிய விருதும் கிடைத்தன.

அடுத்த வருஷத்துத் தீபாவளிக்கு வந்த ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' வேறொரு விஷயத்தை அம்பலப்படுத்திற்று. பெண்களின் நிலையைப் பற்றிச் செய்திப்படம் எடுக்கும் அருண் என்ற நல்ல மனம் படைத்த இளைஞன், ஒலிவாங்கியை நீட்டிப் பெண்களைக் கேள்வி கேட்டுக்கொண்டே போகிறான். அவனுக்கு உதவியாக இருக்கும் மஞ்சு தன் வாழ்க்கையையே பதிலாக வைத்திருக்கிறாள். அதை ஏற்க அவனுக்கு நெஞ்சுரம் இல்லை. முடிவில், பெண் விடுதலையைப் பற்றி எதுவும் தெரியாதென்று சொல்லும் ஒருத்தியை அவன் மணந்துகொண்டு வருகிறான். அனுதாபமுள்ள ஆண் கேட்டால்தான் பெண் பேசலாம், அவன் தாங்கக்கூடிய மட்டுந்தான் பேசலாம் என்ற மரியாதையான கொடுமையை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த படத்தை எடுத்தவர்களும் ஆண்களே என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். படம் அப்போது ஓடவில்லை.

ஒலிவாங்கியைப் பெண்கள் தம் கையில் எடுத்துக்கொண்டது எண்பதுகளில். அம்பை என்ற சி. எஸ். லக்ஷ்மி, தமிழ்ப் பெண் எழுத்தாளர்களை நேரில் கண்டு ஆராய்ந்து எழுதிய நூல் 1984-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. எழுதும் பெண்ணே குலமகள் என்ற முகமூடியை மாட்டிக்கொண்டு எழுதும் விதத்தை அதில் தயவின்றி எடுத்துக்காட்டினார். மூத்த எழுத்தாளர்கள் சிலர்பால் அவர் காட்டிய கண்டிப்பு அதிகம் என்பது என் எண்ணம். அந்தந்த வீட்டுக்குள்ளிருந்து அவ்வளவாவது எழுதினார்களே என்று சற்று இரங்கியிருக்கலாம். 1988-இல் அவர் பம்பாயில் நிறுவிய 'ஸ்பாரோ' காப்பகம், பெண்களின் பேச்சையே ஒலிப்பதிவாகவும் படமாகவும் சேர்த்து வைக்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் 1986-இல் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' கவிதைத் தொகுப்பும், சென்னையில் அ. மங்கை 'மௌனக் குரல்' குழுவைக் கொண்டு நிகழ்த்திய நாடகங்களும் இதே அலையைச் சேர்ந்தவை. இன்குலாப் எழுதிய 'ஔவை'யை மங்கை மேடையேற்றியபோது, பாடப்புத்தகத்துக் கிழவி மறைந்து, கள்ளும் பாட்டும் யாத்திரையுமாய்த் திரிந்த இளம்பாடினி வந்து நின்றாள்.

வீதியின் கதை வேறு. 1994-இல் 'மகளிர் மட்டும்' ஆபீஸில் பெண்களைத் தொட்டுப் பேசும் மேலதிகாரியைச் சிரிப்புக்கிடமாக்கியது. வேலையிடத்துத் தொல்லைக்கு உச்சநீதிமன்றம் விசாகா தீர்ப்பில் நெறிமுறை வகுத்தது அதற்கு மூன்று வருஷம் பின்னால். 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி நடுவீதியில் வாலிபர்களின் கேளிக்கைக்குப் பலியானதன்மேல், தமிழக அரசு பெண்களைச் சீண்டுவதைத் தடை செய்து சட்டம் இயற்றிற்று. அவள் கல்லூரிக்கு நடந்த அதே சாலைகளில், பெண்ணைத் துரத்திக்கொண்டே போவதைக் காதலென்று வர்ணிக்கும் பாட்டுகள் டீக்கடைக்கு டீக்கடை முழங்கிக்கொண்டிருந்தன. சினிமா பார்த்துத்தான் கெட்டார்கள் என்ற சுலபமான முடிவுக்கு நான் வரவில்லை; பின்தொடர்ந்தவனுக்கு, தான் செய்வது இன்னதென்று சொல்லிக்கொள்ள ஓர் அழகான பாஷையைச் சினிமா கொடுத்தது என்ற அளவில் நிற்கிறேன்.

வீட்டுக்குள்ளோ, துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மாவின் படிப்புப் பதின்மூன்றாம் வயதளவில் நின்றுபோனதற்குத் தோழிகளோடு ரகசியமாக ஒரு சினிமாவுக்குப் போனதும் காரணமாயிற்று என்பதை அவரே கூறியிருக்கிறார். வீட்டுக்குள் அடைபட்ட பெண் ஒளித்துவைத்து எழுதிய கவிதைகள் பிற்பாடு புத்தகமாயின. 2004-இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்தபோது, கொல்லைப்புறத்துப் பேச்சே நாவலின் உருவமாக நின்றது. ஆண்கள் வந்துபோகிறவர்கள், பெண்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அதற்கு முன்பே, 2002-இல் குட்டி ரேவதி தம் கவிதைத் தொகுதிக்கு 'முலைகள்' என்று பெயரிட்டதற்கு எழுந்த வசையில் சினிமாக்காரர்களின் குரலும் கலந்திருந்தது. அங்கம் அங்கமாகப் பெண்ணை வர்ணித்துப் பாட்டெழுதிச் சம்பாதிக்கும் தொழிலிலிருந்து, தன் அங்கத்தைத் தானே பெயர் சொல்லி அழைத்தவளுக்கு ஆபாசம் என்று பட்டம் வந்ததை, கோதைநாயகி அம்மாளின் வாசகிகள் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

அங்கீகாரத்தின் கணக்கையும் பார்த்துவிடலாம். சாகித்திய அகாதெமி 1955-இல் பரிசளிக்கத் தொடங்கியது முதல் 2021 வரை தமிழுக்காக அதைப் பெற்ற பெண்கள் நால்வர்: 1973-இல் ராஜம் கிருஷ்ணன், 1984-இல் 'லக்ஷ்மி' என்ற திரிபுரசுந்தரி, 2005-இல் திலகவதி, 2021-இல் அம்பை. ஆர். சூடாமணி அந்தப் பட்டியலில் சேராமலே 2010-இல் மறைந்தார். நால்வரும் கதைக்காகவே பெற்றார்கள்; பெண் ஒருத்தியின் விமர்சனம் தமிழில் இன்னும் பரிசுக்குரிய எழுத்தாக எண்ணப்படவில்லை.

அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2017-இல் நடிகைகளும் திரைத்தொழில் பெண்களும் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்ததன் பயனாக நீதிபதி ஹேமா தலைமையில் ஒரு குழு அமைந்தது. 2019 கடைசியில் அது கொடுத்த அறிக்கை, ஐந்தாம் வருஷத்தில், 2024 ஆகஸ்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. உடை மாற்ற மறைவிடமும் கழிப்பிடமும் இல்லாத படப்பிடிப்புத் தளங்களைப் பற்றியெல்லாம் அதில் எழுதியிருந்தது. திரையில் காணும் பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பேச்சு, அந்தத் திரையை உண்டாக்கும் பெண்ணுக்கு என்ன நேர்கிறதென்ற பேச்சாக அன்று முழுமை பெற்றது எனலாம். அடுத்த மாதமே சென்னையில் நடிகர் சங்கம் கூடி, குற்றம் நிரூபணமானால் ஐந்தாண்டு விலக்கு என்று தீர்மானம் போட்டது. கூடவே, பாதிக்கப்பட்டவர்கள் பத்திரிகை முதலியவற்றினிடம் நேரே பேசாமல், முதலில் சங்கத்தின் குழுவினிடம் வந்து சொல்லுமாறு கேட்டுக்கொண்டது.